உறையாத தேங்காயெண்ணெய்

மனைவியின் அண்ணன் மக்கீன் மச்சான் வீட்டுக்கு இந்த முறை போவதில்லை என்று முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. இரும்பு மாதிரி முடிவு. மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன் நான், இரும்பைப் பற்றி எனக்குத் தெரியும். அது துருப்பிடிக்கும் என்பதும் தெரியும்.

காரணம் கெரம் போர்ட். ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பஸாரில் இறுதிப் போட்டி. எனக்கு எதிரே என் கூட்டாளி பலீல். வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே தோற்று, மற்றவர்களுக்குப் பிளேன்ட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஆள் நான். இந்த வருஷம் என்ன பரக்கத்தோ, இறுதிக்கு வந்துவிட்டேன். ஒரு கிழமையாக என் ஆள்காட்டி விரலை நானே மரியாதையோடு பார்த்துக்கொண்டு திரிந்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி ஸஜீதா வாயைத் திறந்தாள்.

“மக்கீன் நானா ஞாயித்துக்கிழம விடிய சுபஹோட மக்காவுக்கு உம்றா செய்யக் கெளம்புறாரு. சனிக்கிழம போய் ஸலாம் சொல்லிட்டு வருவோம்.”

“ஞாயிறு காலைல திரும்பிருவோமா?”

“ஏன், திரும்பாம அங்கயே குடியிருக்கப் போறோமா?”

ஸஜீதா கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னால் நான் பயந்துவிடுவேன். அவள் குடும்பத்தில் ஸலாம் சொல்ல ஒரு நாள் பிடிக்கும், பதில் ஸலாம் வாங்க இன்னொரு நாள் பிடிக்கும். அதிலும் மச்சான் வீடு இருப்பது றிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில். ஜனவரியில் அங்கே மூடுபனி வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்காரும்.

வர முடியாது என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நீங்கள் ஸஜீதாவைக் கண்டதில்லை.

அவள் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். ஹோட்டல்காரர்கள் பொரித்துக் கழித்த எண்ணெயை டீசலாக்குகிற ஆராய்ச்சி. மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டு அங்கேயும் அதையே செய்வாள். எங்கள் பழைய டொல்பின் வேன் அதைக் குடித்துத்தான் ஓடுகிறது. பின்னால் வருகிற ஆட்களுக்கு வடை வாசம் வரும்.

ஆனால் டீசல் செய்வது பெரிய விஷயம் இல்லை. அதைச் செய்வதற்கு முன்பே அதன் தலையெழுத்தைச் சொல்வாள் பாருங்கள், அதுதான் விஷயம். எண்ணெயில் ஒரு சொட்டை மெஷினுக்குக் கொடுப்பாள். எந்தக் கொழுப்பமிலம் எத்தனை வீதம் என்று அது காட்டும். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது எப்படிப் பற்றும், எவ்வளவு புகைக்கும், எத்தனை மாசம் கெடாமல் இருக்கும், எந்தக் குளிரில் கலங்கும் என்று வரிசையாகச் சொல்லிவிடுவாள். ஒரு முறை சோயா எண்ணெயில் செய்த ஒரு கேனைக் காட்டி, “இத ரெண்டு மாசத்துக்கு மேல வைக்காதீங்க” என்றாள். வீம்புக்கு வைத்தேன். மூன்றாம் மாசம் மூடியைத் திறந்தால் பழைய பெயின்ட் வாசம்! சாத்திரம் சொல்கிறவன்கூட இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரித்தான் சொல்வான். இவள் இலக்கத்தோடு சொல்வாள்.

அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லித் தப்ப முடியுமா? அவளுடைய விஞ்ஞானத்தை வைத்தே அவளை மடக்குவோம் என்று யோசித்தேன். கெட்டிக்காரன்தான் நான். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். “நிரம்பின கொழுப்பமிலம் நேரா இருக்கும். ஈர்க்குக் கட்டு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கிக்கும். அதனால குளிர்ல லேசா உறைஞ்சிரும். நிரம்பாதது வளைஞ்சு இருக்கும், சரியா அடுக்காது.”

“எதுல நிரம்பினது கூட?”

“தேங்காயெண்ணெய்லதான். ஆனா...”

அந்த நேரம் வாசலில் பலீலுடைய மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. எழும்பிப் போய்விட்டேன். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்று நினைப்பு.

அது உண்மைதானா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை, எங்கள் குசினியே போதும். ஜனவரிக் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து நிற்கும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் வெயிலில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அலுவிகாரையிலேயே இப்படியென்றால் றிவர்ஸ்டன் குளிரில் என்ன ஆகும்? வேன் ஏற்றத்தின் பாதியில் நிற்கும். திருப்பி வைத்தால் இறக்கத்தில் தானாகவே உருண்டு வரும். ஞாயிறு அஸருக்கு நான் பஸாரில் இருப்பேன். குற்றம் எரிபொருள் மேல். எரிபொருள் யாருடையது? அவளுடையது!

கொட்டிலில் இரண்டு விதமான கேன்கள் இருந்தன. ஒன்று வடைக் கடைத் தேங்காயெண்ணெயில் செய்தது. மற்றது ரோல்ஸ் பொரிக்கிற கடையின் பாம் ஒயிலில் செய்தது. வெள்ளிக்கிழமை ஸஜீதா பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, டாங்கியில் இருந்ததை வடித்துவிட்டுத் தேங்காயெண்ணெய் டீசலை ஊற்றினேன். கை கழுவிவிட்டு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை புறப்பட்டோம். ஸஜீதா பின் சீட்டில் ஒரு கேனைத் தூக்கி வைத்தாள்.

“இது என்னத்துக்கு?”

“பாம் ஒயில்ல செஞ்சது. கிடக்கட்டுமே.”

றத்தோட்டை தாண்டியது. குளிர் வந்தது. கண்ணாடியை ஏற்றினோம். கொஞ்ச தூரம் போனதும் ஸஜீதா சுவெட்டர் போட்டாள். நான் எஞ்சினுக்குக் காதைக் கொடுத்தேன். இந்த வளைவில் நிற்கும். நிற்கவில்லை. சரி, அடுத்த வளைவில். அங்கேயும் இல்லை. வேன் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உற்சாகமாக ஏறியது.

“என்ன, ஒரு மாதிரியா கேட்டுக்கிட்டு வாறீங்க?”

“எஞ்சின் சத்தம் சரியில்ல போல.”

“நல்லாத்தானே இருக்கு? இதுக்குச் சீட்டேன் நம்பர் கூட. டக்குனு பத்தும்.”

‘இது’ என்றால் எந்த டீசல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நேரம் என் மூளை உறையாமல் பார்த்துக்கொள்வதே பெரிய பாடாக இருந்தது.

மச்சான் வீட்டு வாசலில் வேன் போய் நின்றது. மக்கீன் ஓடி வந்து கட்டிப் பிடித்தார். “மாஷா அல்லாஹ்! என்னமா ஏறி வருது மச்சான் ஒங்க வேன்!”

எனக்கு அழுகை வந்தது. என்மேல் எவ்வளவு பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்தது. புதுக் கவலை பிடித்தது. பகலில் எப்படியோ தப்பிவிட்டது. இரவுக் குளிரில் இந்தத் தேங்காயெண்ணெய் நிச்சயம் கட்டியாகும். காலையில் வேன் அசையாது. இறுதிப் போட்டி போச்சு! பின் சீட்டில் கேன் இருப்பது ஞாபகம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று இறங்கிப் போய், தேங்காயெண்ணெய் டீசலை முழுக்க வடித்துவிட்டுப் பாம் ஒயில் டீசலை ஊற்றினேன். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, குழாயெல்லாம் புதுசு வரும்படி செய்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன் நான்.

ஸஜீதா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். “என்ன செய்றீங்க?”

“ராக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் சரி வராது. மாத்துறேன்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

தேங்காயெண்ணெய் டாங்கிக்குள் எப்படி வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. “ஒங்க வேன், ஒங்க இஷ்டம்” என்றாள். அவள் அப்படிச் சொல்கிற நாளில் நான் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒளியவில்லை.

காலையில் மக்கீன் எல்லாரிடமும் ஸலாம் சொல்லி, நான் வடித்து வைத்த தேங்காயெண்ணெய் டீசலைத் தன்னுடைய கெப் வண்டிக்கு ஊற்றிக்கொண்டு புறப்பட்டார். வண்டி பறந்தது. நான் சப்பாத்தைப் போடும்போது விறாந்தையிலிருந்து ஸஜீதா கூப்பிட்டாள்.

“இஞ்ச வாங்க. ஒண்ணு காட்டுறேன்.”

விறாந்தைத் திண்ணையில் இரண்டு போத்தல்கள். ஒன்றில் பாம் ஒயில் டீசல், மற்றதில் தேங்காயெண்ணெய் டீசல். இரண்டையும் அடுப்படிச் சூட்டில் வைத்திருந்து அப்போதுதான் வெளியே கொண்டுவந்திருந்தாள். இரண்டிலும் வெப்பமானி.

“இந்தப் பாம் ஒயில் டீசல் பதினாலு டிகிரில கலங்கும். அமில வீதத்தைப் பாத்துக் கணக்குப் போட்டது. இன்னும் யாரும் குளிர்ல வச்சுப் பாக்கல்ல.”

“பாப்போமே” என்று குனிந்தேன்.

பதினேழு. பதினாறு. தேன் நிறம், கண்ணாடி மாதிரித் தெளிவு. பதினைந்து. ஒன்றும் இல்லை. அவள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. அவளுக்கும் பயம்தான். சரியாகப் பதினாலில், போத்தலின் அடியில் ஒரு புகை நூல் எழும்பியது. அது விரிந்தது. வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பொடியாக மின்னியது. என் கண்ணுக்கு முன்னால், ஒரு போத்தலுக்குள், ஒரு மேகம் பிறந்தது.

“சுப்ஹானல்லாஹ்!”

இன்னது இத்தனை வீதம் என்று பார்த்து, இன்ன குளிரில் இது நடக்கும் என்று மாத்தளையில் உட்கார்ந்து சொன்னவள் இவள். படைத்தவன் ஒளித்து வைத்த கணக்கில் ஒரு வரியை வாசித்துவிட்டாள். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் இத்தனை காலம் கெரம் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேனே! எனக்கு அவ்வளவு பெருமை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது.

“மத்தது ஏன் கலங்கல்ல?” என்றேன். தேங்காயெண்ணெய் டீசல் தண்ணீர் மாதிரித் தெளிவாக நின்றது.

“அன்னைக்கு அதச் சொல்ல வந்தேன், நீங்க எழும்பிப் போயிட்டீங்க. தேங்காயெண்ணெய்ல இருக்கிற சங்கிலி கட்டை. டீசலாக்கினா குட்டி ஈர்க்குத் துண்டு மாதிரி சிதறிக் கிடக்கும், கட்டி நிக்காது. ஐஸாகிற குளிர் வந்தாத்தான் உறையும். பாம் ஒயில்ல இருக்கிறது நீளமும் நேரும்.”

நீளமும் நேரும். அதுதான் இப்போது என் டாங்கிக்குள் இருக்கிறது. விறாந்தையிலிருந்து குதித்து ஓடினேன். சாவியைத் திருப்பினேன். வேன் ஒரு முறை இருமியது. பில்டரைக் கழற்றிப் பார்த்தால் டீசல் கட்டியாகி நிற்கிறது; பாண் துண்டில் பூசலாம், மார்ஜரின்!

“வெயில் வந்தா உருகிரும்” என்றாள் ஸஜீதா.

“எப்ப வரும்?”

“அது என்னோட ஆராய்ச்சி இல்ல.”

“பஸ்? காலை பஸ்?”

“போயிருச்சே. நீங்க போத்தலப் பாத்துக்கிட்டு நிக்கும்போது. ஹோர்ன்கூட அடிச்சான்.”

அடுத்த பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் மாத்தளை. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன் இப்படிச் செஞ்ச ஸஜீதா?”

“நானா செஞ்சேன்? தேங்காயெண்ணெய ஊத்தினது நீங்க. வடிச்சது நீங்க. பாம் ஒயில ஊத்தினதும் நீங்க.”

ஒரு சொல் பிழையில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “குளிர்ல ஒரு நெசமான வேன வச்சுப் பாக்கணும்னு எனக்கு ஆச. அதோட, ஒரு ஞாயித்துக்கிழமயாவது நீங்க என்கூட இருக்கணும்னும் ஆச.”

இதற்கு மேல் என்னத்தைச் சண்டை பிடிப்பது? இருந்தாலும், வாழ்க்கையில் ஒரே ஓர் இறுதிப் போட்டி. போனை எடுத்துப் பலீலை அழைத்தேன்.

“பலீல், மன்னிச்சிரு மச்சான். என்னால வர முடியாது. கப்ப நீயே எடுத்துக்க.”

“என்னடா ஒளறுற? ஃபைனல அடுத்த கிழமைக்கு மாத்தியாச்சே! வேன் றிவர்ஸ்டன்ல நின்னுரும், ஞாயிறு ஒன்னால வர முடியாதுன்னு ஒங்க வீட்டுல புதன்கிழமயே போன் பண்ணிட்டாங்களே.”

டாங்கியில் கை வைக்கலாம் என்று எனக்கே தோன்றியது வெள்ளிக்கிழமைதான்.