நவோனா சதுக்கத்தில் இரண்டு மூக்கு

வரிசையில் மிச்சமிருந்த பிள்ளையும் பெஃபானா வேஷத்தில் நின்ற எவாரிஸ்தோவை விட்டுவிட்டுத் தேவாலயப் படிக்கு ஓடியது. அங்கே இன்னொரு பெஃபானாக் கிழவி உட்கார்ந்திருந்தாள். கறுப்பு முக்காடு, சந்தைத் துடைப்பம், கொக்கி போல வளைந்த மூக்கு.

மூன்று ராஜாக்கள் திருநாளில் பெஃபானா வருவாள். நல்ல பிள்ளைக்கு மிட்டாய், சண்டிக்குக் கரி. நவோனா சதுக்கத்தில் அந்த வேஷம் போட ஒரே ஆளுக்குத்தான் அனுமதி. வருஷக்கணக்கில் அலைந்து எவாரிஸ்தோ வாங்கியிருந்தான். தகராறு என்று ஒரு புகார் போனால் அதோடு சரி.

அதனால் பணிவாகவே ஆரம்பித்தான். "அம்மா, இது என் இடம். கொஞ்சம் தள்ளிப் போங்க."

"தள்ளித்தானே, போறேன்." கிழவி எழுந்து வந்து நீரூற்றின் பக்கம் அவன் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "இங்க வெயிலும் வருது."

பிள்ளைகளும் கூடவே வந்தார்கள்.

சீனியில் செய்த கரியை அள்ளிக் கொடுத்து இழுக்கப் பார்த்தான். வாங்கிய சிறுமி உதட்டைப் பிதுக்கினாள். "நான் சேட்டையே பண்ணல பாட்டி. இது எனக்குக் கரி குடுக்குது."

"மீசை வெச்ச பொம்பளைக்கு வேற என்ன குடுக்கத் தெரியும்?" கிழவி தன் பையிலிருந்து மிட்டாய் எடுத்தாள்.

காவலர் ஃபிளாமீனியா குளிருக்குக் கண்வரை கம்பளித் துண்டு சுற்றி நின்றிருந்தாள். எவாரிஸ்தோ அவளிடம் போனான்.

"மேடம், அந்தக் கிழவிகிட்ட அனுமதி இருக்கான்னு கேளுங்க."

"எந்தக் கிழவி?"

"அதோ, ஒட்டு மூக்கு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு நீரூற்றின் விளிம்பில் ஏறிய வெளியூர்க்காரனைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டே போய்விட்டாள்.

கிழவிக்குக் காவலரும் பயந்துவிட்டாள் என்று எவாரிஸ்தோ முடிவு செய்தான்.

"பிள்ளைங்களா, இங்க பாருங்க. இது போலி." கிழவியின் மூக்கைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. நல்ல பசை போலிருக்கிறது என்று முறுக்கிப் பார்த்தான்.

கிழவி துடைப்பத்தால் ஒன்று போட்டாள். அவனுடைய தொப்பி, சடை, ஒட்டு மூக்கு எல்லாம் நீரூற்றில் மிதந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். மேலே நீரூற்றுச் சிலையாக இருந்த கல் நதிதேவன் எப்போதும்போல எதையோ தடுப்பதற்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

ஃபிளாமீனியா வந்தாள். "அனுமதியை எடு."

கொடுத்தான். அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட மட்டும் கேக்கறீங்களே மேடம். அந்த மூக்கு..."

ஃபிளாமீனியா கம்பளித் துண்டை நிதானமாக அவிழ்த்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

"ஒட்டினது இல்லைய்யா. எங்க குடும்ப மூக்கு."