கழற்றிப் பார்ப்பவர்

கழற்றிப் பார்ப்பவரை உங்களுக்குத் தெரியும். கிள்ளானில் குடியிருப்புத் தாமானுக்கு நான்கு பேர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் மாடிக்கு ஒருவர் என்று இந்த இனம் நன்றாகவே பரவியிருக்கிறது. வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் போலவே வேலைக்குப் போவார், நெரிசலில் மாட்டுவார், வெள்ளிக்கிழமை கோயிலில் திருநீறு பூசிக்கொள்வார். ஆனால் பக்கத்தில் எங்கேயாவது ஒரு காற்றாடி 'கிர்ர்க்' என்று முனகட்டும், அந்தக் கழுத்து திரும்புகிற வேகத்தைப் பாருங்கள்! மனைவி மூன்று முறை கூப்பிட்டும் திரும்பாத கழுத்து அது.

இவர் தொழில் படித்தவரா? இல்லை. கைராசிக்காரரா? அதுவும் இல்லை. இவரிடம் இருப்பது ஒரு நம்பிக்கை. எந்தப் பொருளையும் கழற்றி மேசைமேல் பரப்பிவிட்டால், அது வெட்கப்பட்டுத் தன் குறையைத் தானே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. எந்தப் பொருளும் இதுவரை சொன்னதில்லை. இவரும் விட்டதில்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பானேன்? கிள்ளான் சுகுமாறன் கதையையே சொல்லிவிடுகிறேன்.

சுகுமாறனுக்கு ஐம்பத்து நான்கு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஃபாரம் நிரப்புகிற வேலை. அவருடைய மேசை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ராட்சத கிரேன்கள் தெரியும். அவருக்கும் இயந்திரங்களுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். ஆனால் கேட்டால், "இருபத்தாறு வருஷமா கிரேனோட பழகுறவன் நான்" என்பார். இது கிரேனுக்குத் தெரியாது.

மனைவி புஷ்பவல்லி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். முதலில் பிறந்தநாள் கேக், பிறகு தீபாவளிக்கு பிஸ்கட் என்று இரண்டு வருஷமாக மெல்ல மெல்லப் பேர் வாங்கியவர். அவருடைய வலது கை ஒரு கேக் மிக்சர். சட்னி அரைக்கிற மிக்சி இல்லை இது. கழுத்தை நீட்டித் தலை குனிந்து நின்று, கீழே உள்ள கிண்ணத்தில் துடுப்பை விட்டு மாவையும் வெண்ணெயையும் குழைக்கிற கனமான இயந்திரம். அந்த ஞாயிற்றுக்கிழமை செமினியில் ஒரு கல்யாண விருந்து. பெண்ணின் அம்மா லெட்சுமி, மூன்றடுக்கு கேக்கைப் புஷ்பவல்லியிடம் கொடுத்திருந்தார். பையன் வீட்டார் ஹோட்டல் கேக்தான் வேண்டும் என்று நின்றபோது, "புஷ்பா அக்கா செஞ்சா ஹோட்டல்காரனே வந்து கேட்டுட்டுப் போவான்" என்று வாதாடி வாங்கிக் கொடுத்த ஆர்டர். புஷ்பவல்லிக்கு இவ்வளவு பெரிய வேலை இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை, முதல் கிண்ணம் வெண்ணெயை அடித்துக்கொண்டிருக்கும்போதே துடுப்பு நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என்ன நாள்? பொது விடுமுறை. வீட்டில் யார் இருந்தார்? சுகுமாறன் இருந்தார். விதி என்பது இப்படித்தான் வேலை செய்கிறது.

"என்ன சத்தம் அது?" என்றபடி வந்தார். முகத்தில் கவலை, காலில் துள்ளல்.

"சுத்த மாட்டேங்குதுங்க. கெட்டு ரோசாக் ஆயிடுச்சு போல. கடைக்குக் கொண்டுபோயிடுவோம்லா, இன்னிக்கே."

'கடை' என்ற சொல்லைக் கழற்றிப் பார்ப்பவரிடம் சொல்லக் கூடாது. அப்படி ஒரு வலி வந்தது அவர் முகத்தில். "கடைக்காரன் என்ன பண்ணுவான்? தொறப்பான். அதை நான் பண்ண மாட்டேனா? அரை மணி நேரம் குடு."

இந்த 'அரை மணி நேரம்' என்பது இவர்களுடைய இனத்துக்கே உரிய அளவை. நம்முடைய கடிகாரத்தில் அது சில சமயம் ஒரு நாள், சில சமயம் ஒரு வாரம். எங்கள் தெருவில் ஒருவர் அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவதாகக் கழற்றிய தண்ணீர் பம்பு, இரண்டு பொதுத் தேர்தல்களைப் பார்த்துவிட்டது.

சடங்கு தொடங்கியது. முதலில் உள்ளங்கையை மிக்சரின் தலைமேல் வைத்துக் கண்ணை மூடினார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு பிளக்கை நான்கு முறை பிடுங்கிச் செருகினார். பிறகு விலாவில் ஒரு தட்டு. பிறகு, "மோட்டார்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். உறுமிக்கொண்டிருக்கிற மோட்டார் எப்படிக் கெட்டிருக்கும் என்று புஷ்பவல்லி கேட்டார். "உறுமுதுல்ல? வலி தாங்காமத்தான் உறுமுது."

சாப்பாட்டு மேசைமேல் பத்திரிகை விரிக்கப்பட்டது. கைப்பேசியில் எந்த நாட்டுக்காரரோ தாடி வைத்த ஒருவர் வேறொரு கம்பெனியின், வேறொரு மிக்சரைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சுகுமாறன் தாடிக்காரரைத் தொடர்ந்தார். மறந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தார். நாற்பத்து மூன்று படங்கள். நாற்பத்து மூன்றிலும் அவருடைய கட்டைவிரல்தான் தெளிவாக இருந்தது.

தலையின் மூடி திறந்ததும் பல்சக்கரங்கள்மேல் பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. சுகுமாறன் மூச்சை இழுத்தார். "பாரு, எவ்வளவு அழுக்கு! இதை வச்சுக்கிட்டு மெஷின் எப்படி ஓடும்?" கம்பெனிக்காரன் பார்த்துப் பார்த்துப் பூசிய கிரீஸ் முழுவதையும் பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினார். சக்கரங்கள் கல்யாணப் பாத்திரம்போல் மின்னின. மின்னினால் போதுமா? வழவழப்பு வேண்டாமா? அதையும் யோசித்தார். சாப்பிடுகிற பொருள் படுகிற இடம், கண்ட எண்ணெயையும் போடக் கூடாது. ஆகவே அலமாரியைத் திறந்து, பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த நெய்யில் மூன்று கரண்டி எடுத்து ஊற்றினார்.

ஆமாம். நெய்.

மத்தியானம் சாப்பாட்டு மேசை கிடைக்காததால் இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது நான்கு ஸ்க்ரூ, ஒரு வளையம், ஸ்பிரிங் மாதிரி ஒன்று, ஆகமொத்தம் ஆறு சாமான்கள் பத்திரிகைமேல் மிஞ்சியிருந்தன.

"இதெல்லாம்?" என்றார் புஷ்பவல்லி.

"அது கப்பல்ல ஏத்தும்போது ஆடாம இருக்கப் போடுறது. எங்க வேலையில இதெல்லாம் சகஜம்."

பிறகு ஸ்விட்சைப் போட்டார்.

வேகத்தை ஒன்றில்தான் வைத்தார். மிக்சர் பத்தில் புறப்பட்டது. 'புறப்பட்டது' என்று சொல்வது அலங்காரத்துக்காக இல்லை, உண்மையாகவே புறப்பட்டது. தலை கிடுகிடுவென்று ஆட, அடிக்கட்டை தடதடவென்று அதிர, அடுப்பங்கரை மேடைமேல் அங்குலம் அங்குலமாக நடந்து, வழியில் இருந்த சீனி டப்பாவைத் தள்ளிவிட்டு, வனிலா பாட்டிலை இடித்துவிட்டு, ஜன்னலை நோக்கிப் போயிற்று. வீடு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் வாசனை. அசைய வேண்டாத எல்லாம் அசைந்தது. சுற்ற வேண்டிய துடுப்பு மட்டும் தியானத்தில் உட்கார்ந்தவர்போல் ஆடாமல் அசையாமல் இருந்தது.

"பாத்தியா!" சுகுமாறன் சத்தத்துக்கு மேல் கத்தினார். "மோட்டார் சூப்பரா இருக்கு!"

புஷ்பவல்லி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். வீடு அமைதியானது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. லெட்சுமி.

"அக்கா, சும்மாதான் கூப்பிட்டேன். கேக் எப்படிப் போவுது? மாப்பிள்ளை வீட்ல இன்னிக்கும் கேட்டாங்க. எங்க புஷ்பா அக்கா வாக்குக் குடுத்தா முடிஞ்சதுன்னு சொல்லிட்டேன்."

'முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு' என்று சுகுமாறன் கையை ஆட்டினார். புஷ்பவல்லி அவரைப் பார்க்கவில்லை. "வந்துடும் லெட்சுமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு அடுக்கி வைத்திருந்த முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கை முழுவதும் சீனியாக இருந்தது.

சுகுமாறன் மறுபடியும் திருப்புளியை எடுத்தார். "ஒரே ஒரு தடவை இன்னும் தொறந்து..."

"ஏங்க, ஒண்ணு கேக்கவா?" புஷ்பவல்லியின் குரல் உயரவில்லை. "இது ரிப்பேர் ஆகணும்னு நெனைக்கிறீங்களா? இல்ல, நீங்க ரிப்பேர் பண்ணணும்னு நெனைக்கிறீங்களா?"

சுகுமாறன் திருப்புளியை மேசைமேல் வைத்தார். இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரால் கழற்ற முடியாத ஒரு கேள்வி அது.

மறுநாள் காலை மிக்சரைக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, சீட் பெல்ட் போட்டு, பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்கள். புடவைக் கடைகளுக்குப் பின்சந்தில் ரோகிணி என்ற பெண்மணி சமையலறை மெஷின்களைப் பழுது பார்க்கிறார். அவருடைய நம்பர் புஷ்பவல்லியின் கைப்பேசியில் இரண்டு வருஷமாக இருந்தது. கணவர் கண்ணில் பட்டால் மனம் நோகுமே என்று 'ரோகிணி கோலம்' என்று பதிந்து வைத்திருந்தார்.

ரோகிணிக்கு நாற்பது வயது இருக்கும். மிக்சரின் மூடியைத் திறந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்து மோந்து பார்த்தார்.

"அண்ணே, இதை யாரு தொறந்தது?"

டாக்டர்கள் கேட்பார்களே, 'இந்த மருந்தை யார் கொடுத்தது' என்று, அதே தொனி.

சுகுமாறன் கூரையைப் பார்த்தார். "கிள்ளான்ல... ஒரு கடையில குடுத்தோம்."

புஷ்பவல்லி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"எந்தக் கடைண்ணே? கிரீஸையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு நெய்யை ஊத்தியிருக்கான் அந்த ஆளு! வேகத்தைக் கட்டுப்படுத்துற தகட்டைத் தலைகீழா மாட்டியிருக்கான். அடிக்கட்டையை இறுக்கிப் பிடிக்கிற ஸ்க்ரூ நாலையும் காணோம். இவனையெல்லாம் மெஷின் பக்கமே விடக் கூடாதுண்ணே."

"அப்படிச் சொல்லாதீங்க" என்று சுகுமாறனுக்கு வார்த்தை வந்துவிட்டது. "அவரும் ஏதோ நல்ல எண்ணத்துலதான்..."

"நீங்க ரொம்ப நல்லவருண்ணே. நானா இருந்தா போய்ச் சட்டையைப் புடிச்சிருப்பேன்."

"அவருக்கு அந்தக் கடைக்காரர் மேல ரொம்பப் பாசம்மா" என்றார் புஷ்பவல்லி.

"கூலி வேற வாங்கினானா அக்கா?"

"கூலி வாங்கல. சாப்பாடு மட்டும்தான். மூணு வேளையும்."

அதற்குமேல் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மிஞ்சிய ஆறு சாமான்களும் அதில் இருந்தன.

ரோகிணி துடுப்பு மாட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு சின்னத் துளையில் கம்பியை விட்டுத் தட்டினார். அரை விரல் நீளத்தில் ஒரு பின் இரண்டு துண்டாக விழுந்தது. "இதுதான் ஒடைஞ்சிருக்கு. மோட்டார் சுத்துறதைத் துடுப்புக்குக் கொண்டுபோற பின். வேற ஒண்ணும் இல்ல." புதுப் பின்னைப் பொருத்தப் பத்து நிமிஷம் ஆனது. கிள்ளான் கடைக்காரரின் வைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்க இரண்டு மணி நேரம் ஆனது. "கெட்டுப்போன மெஷின் எனக்கு ஈசி அக்கா. சரிபண்ணின மெஷின்தான் ரொம்பச் சிரமம்" என்றார் ரோகிணி.

அன்று மத்தியானம் மிக்சர் மேடைமேல் நின்ற இடத்திலேயே நின்று, ஒன்றில் வைத்தால் ஒன்றில் ஓடியது. புஷ்பவல்லி நிற்காமல் வேலை செய்தார். சுகுமாறன் முட்டை உடைத்துக் கொடுத்தார், பாத்திரம் கழுவினார். மிக்சரைக் கடந்து போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஞாயிறன்று செமினி மண்டபத்தில் மூன்றடுக்கு கேக் வெள்ளை வெளேரென்று நின்றது. லெட்சுமி, பையனின் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினார். அந்த அம்மாள் ஒரு துண்டு தின்று பார்த்தார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார். புஷ்பவல்லிக்கு அது போதும்.

பக்கத்தில் சுகுமாறன் யாரோ ஒரு விருந்தாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "ஒரு சின்னப் பின்னுதாங்க. கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். நான் எல்லாத்தையும் கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்ததால அந்தப் பொண்ணுக்கு வேலை சுலபமாப் போச்சு."

அப்போதுதான் மேடையில் மைக் 'கொய்ங்ங்' என்று அலறி, நின்றுபோயிற்று. முந்நூறு பேர் காதைப் பொத்தினார்கள். ஒரே ஒரு ஆள் எழுந்தார். புஷ்பவல்லி சட்டென்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து அழுத்தி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். புகைப்படக்காரர் அந்தக் கணத்தை விடவில்லை. 'எவ்வளவு அன்பான ஜோடி' என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிற அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. சுகுமாறன் வீட்டில் அதற்குப் பிறகு எதுவுமே கெடவில்லை. அவருக்கே ஆச்சரியம். "என் கை பட்டா அதுங்களுக்கே ஒரு பயம்" என்று ஆபீஸில் சொல்லிக்கொள்கிறார். புஷ்பவல்லியோ மாதம் ஒருமுறை "பாசாருக்குப் போயிட்டு வரேன்" என்று பெரிய பையோடு பிரிக்பீல்ட்ஸ் போகிறார். பைக்கு மேலே கீரைக்கட்டு தெரியும். கீரைக்குக் கீழே ரைஸ் குக்கரோ அயர்ன் பாக்ஸோ இருக்கும்.

அவரை விடுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக எது கெட்டது? யோசித்துப் பாருங்கள். காற்றாடி? வாஷிங் மெஷின்? ஒன்றுமே நினைவுக்கு வரவில்லையா? வருஷக்கணக்காக எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். ஆனால் பொருள் கெடாத வீடு கிள்ளானிலும் இல்லை, கோலாலம்பூரிலும் இல்லை.

கெடுகிறது. உங்களிடம் சொல்வதில்லை.