சீயஸைக் கும்பிட்டுத் தோற்ற கதை

பிள்ளைகளா, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிரேக்கக் கடவுள் கையால் அடி வாங்கியவன் எங்கள் மேலகரத்தில் நான் ஒருவன்தான். அதுவும் கும்பிட்டுக்கொண்டே வாங்கினேன். (சிரிங்க, சிரிங்க. எங்கள் வீட்டில் இன்னும் நிறுத்தவில்லை.)

எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். படிப்பு பத்தாவது. என் மகள் இசக்கிப்பிரியா அப்போது ஏழாவது. கண்ணாடி கீறின என் பழைய போனில், கிரேக்க தேவர்களும் வீரர்களும் வரும் விளையாட்டுகளாகத் தேடித் தேடி ஆடுவாள். அந்த வருஷம் குற்றாலம் சீசனுக்குப் போட்ட பொருட்காட்சியில் ஒரு வீடியோ கேம் அரங்கு. பெற்றவரும் பிள்ளையும் ஜோடியாக ஆட வேண்டும். ஜெயித்தால் டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி பரிசு. அந்தப் பெட்டியை எப்படியும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவள் என்னை ஜோடி சேர்த்தாள். (அவள் அம்மாவைச் சேர்த்திருந்தால் பெட்டி வந்திருக்கும்.)

ஒரு வாரம் பயிற்சி. "மெடூசான்னு ஒருத்தி வருவா. தலைமுடி பூராப் பாம்பு. மூஞ்சிய மட்டும் பாத்துராதீய, கல்லாயிருவீய" என்றாள். "ஹைட்ரான்னு பல தலைப் பாம்பு, ஒரு தலைய வெட்டுனா ரெண்டு மொளைக்கும். வெட்டுன கையோட கழுத்தச் சுட்டுரணும்" என்றாள். எல்லாம் மனப்பாடம் செய்தேன். கடைசியாக, "முடிவுல பாஸ் வருவாரு. அவர அடிச்சாத்தான் ஜெயிப்போம்" என்றாள்.

"கடை முதலாளிய எதுக்குட்டி அடிக்கணும்? பாவம்."

"எப்பா! கேம்ல கடைசியா வார பெரிய எதிரிதான் பாஸு."

அந்தப் பெரிய எதிரி யார் என்று நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இறுதிச் சுற்றில் எங்களுக்கு எதிராக நின்றது செங்கோட்டையில் இருந்து வந்த ஒரு பட்டாளத்துக்காரரும் அவர் மகளும். ஜோடிக்கொரு பெரிய திரை. ஹைட்ராவை நான் ஒரு கை பார்த்துவிட்டேன். கழுத்துக் கழுத்தாகச் சுடுவது, ஒயருக்கு ஈயம் பற்றவைப்பது போலத்தான். மெடூசா வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாளை வீசினேன். விழுந்துவிட்டாள். "எப்பா, செமப்பா!" என்று பிரியா குதித்தாள். நாங்கள்தான் முன்னால் இருந்தோம். எனக்குத் தலை கனத்துவிட்டது.

அப்போது திரையில் ஒரு மலை வந்தது. நம் குற்றால மலை மாதிரியே உச்சியில் மேகம். மணிச் சத்தம் வேறு. மேகத்தை விலக்கிக்கொண்டு, வெள்ளைத் தாடியும் கையில் மின்னலுமாக ஒரு பெரியவர் எழுந்தார்.

"யாருட்டி இது?"

"சீயஸ்ப்பா. கிரேக்கத்துக்கே பெரிய சாமி. இடி, மழை, மின்னல் எல்லாம் இவரு கையிலதான். அடிங்க!"

'அடிங்க' என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். 'சாமி' என்ற சொல் காதில் விழுந்த உடனே கால் செருப்பை உதறிவிட்டது. தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. கை இரண்டும் கூடிவிட்டன. கூடின கையில் ஜாய்ஸ்டிக் எப்படி நிற்கும்? கீழே விழுந்தது.

"எப்பா, என்ன செய்யுதீய!"

"சாமிட்டி!"

"அது நம்ம சாமி இல்லப்பா!"

"எந்த ஊரு சாமியா இருந்தா என்ன? சாமிய அடிக்கச் சொல்லுதியே, கன்னத்துல போட்டுக்கோட்டி!"

சீயஸ் என் கும்பிடை ஏற்கவில்லை. ஒரு மின்னலில் என் பாதி உயிர் போயிற்று. அடுத்ததில் மீதியும் போயிற்று. மைக்கில் பேசினவர், "அண்ணாச்சி, அர்ச்சனை முடிஞ்சிட்டா?" என்றார். கூட்டம் அருவிச் சத்தத்துக்கு மேல் சிரித்தது. பக்கத்தில் பட்டாளத்துக்காரருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அடி என்றார்கள், அடித்தார். பெட்டி செங்கோட்டைக்குப் போய்விட்டது.

மூன்று நாள் பிரியா என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "ஒரு பொம்மையக் கும்பிட்டு என்னையத் தோக்க வச்சிட்டீயளே" என்று அழுதாள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ஏட்டி, இடி விழுந்தாத்தான் மோட்டார் எரியும். மோட்டார் எரிஞ்சாத்தான் நமக்குச் சோறு. இடிக்குச் சாமி இவருன்னா, நமக்குப் படி அளக்கவரு இவரு. அவர எப்படிட்டி அடிக்கது?" என்றேன்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். பிறகு, "அவரு ஒண்ணும் நல்லவரு இல்லப்பா. மனுசனுக்கு நெருப்பக் குடுத்த புரோமித்தியஸ மலையில கட்டிப்போட்டு, கழுக விட்டுக் கொத்த வச்சவரு" என்றாள்.

ஆடிப்போய்விட்டேன். நெருப்பு கொடுத்தவனையா? இதை முன்பே சொல்லியிருந்தால் நான் இரண்டு போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் பிள்ளைகளா, இன்றும் சொல்கிறேன். என்ன செய்தார் என்று தெரியாமல், யாரோ அடி என்றார்கள் என்பதற்காக யார் மேலும் நான் கை ஓங்க மாட்டேன். அது சாமியானாலும் சரி, பொம்மையானாலும் சரி. அந்தப் பெட்டி போனது போனதுதான்.

பிரியா இப்போது திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பக்கம் இடி இடித்தால் போதும், போன் வந்துவிடும். "எப்பா, ஒங்க சீயஸ் வந்துட்டாராமே? செருப்பக் கழத்திட்டீயளா?"

"கழத்திட்டேம்ட்டி. ரெண்டு மோட்டார் தந்துட்டுப் போயிருக்காரு."