எழுபது வயது மதிக்கத்தக்கவர்

மேலதிகாரியை முகத்தை வைத்து அடையாளம் காண்கிறவர்கள் உத்தியோகத்துக்குப் புதியவர்கள். நான் குதிகாலை வைத்துக் கண்டுபிடிப்பேன். முப்பத்தாறு வருடம் மூன்றடி பின்னால் குனிந்தபடியே நடந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

எனக்கு வாய்த்த மேலதிகாரிகள் ஒன்பது பேர். எட்டு ஆண்கள், ஒரு பெண். அந்த எட்டு பேரையும் இன்று என் முன்னால் வரிசையாக நிறுத்தினால் யார் யாரென்று தெரியாமல் திணறுவேன். திருப்பி நிறுத்தினால் பெயர், ஊர், கோபம் வரும் நேரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஒருவருக்கு இடது ஷூ மட்டும் உட்பக்கம் தேய்ந்திருக்கும். இன்னொருவர் கோபமாக இருந்தால் நடை குட்டையாகிவிடும். ஒருவர் பாதி வழியில் எதிரே வந்த டிராக்டரில் ஏறினார். ஏன் என்று கேட்காமல் நானும் ஏறினேன். அவர் எதில் ஏறினாலும் பின்னால் ஏறுவதுதான் உத்தியோகம் என்று நினைத்திருந்தேன். (அந்த டிராக்டர் எங்கே போனது என்று இருவருக்குமே கடைசி வரை தெரியவில்லை.)

ஒன்பதாவதாக வந்தவர் ஹரிதா மேடம். அப்போது நான் ஸ்ரீசிட்டியில் ஒரு டிரம் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மாங்கூழ் அடைக்கும் பெரிய டிரம்கள். மேடத்துக்கு வயது முப்பத்து நான்கு, எனக்கு ஐம்பத்தேழு. விசாகப்பட்டினத்துக்காரர், தெலுங்கில்தான் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன். வந்த முதல் நாளே, "முனிரத்தினம் காரு, ஏன் பின்னாலேயே வருகிறீர்கள்? பக்கத்தில் நடந்து வாருங்கள்" என்றார். இது ஏதோ பரீட்சை என்று முடிவு செய்து, மூன்றடியை நான்கடியாக்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். புடவைக்குள் குதிகால் தெரியாது. ஆகவே மேடத்தைப் புடவைக் கரையை வைத்து நினைவில் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் கரையின் நிறத்தைக் குறித்துக்கொள்வேன். அதன் பிறகு நாள் முழுவதும் அதுதான் என் மேலதிகாரி.

ஐம்பத்தெட்டில் எனக்கு ஓய்வு. மகள் இன்ஜினியரிங்கில் இரண்டாம் வருடம். இரண்டு வருட நீட்டிப்பு கிடைத்தால் அவள் படித்து முடிப்பாள்; கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொள்வதையே தவிர்த்தோம். நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஹரிதா மேடம். அதனால்தான் அவர் "சித்தூர் மீட்டிங்குக்கு முன்னால் சுவாமியைப் பார்த்துவிட வேண்டும், மலையில் விவரம் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டபோது, யாரும் வாய் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

திட்டம் எளிமையானது. விடிகாலையில் திருமலையில் தரிசனம். பதினொரு மணிக்குச் சித்தூரில் கூழ் கம்பெனியோடு மீட்டிங். பெங்களூரிலிருந்து எங்கள் டைரக்டர் பலமனேர் வழியாக நேரே அங்கே வந்துவிடுவார். அந்த வருஷத்து டிரம் ஆர்டர் முழுவதும் அந்த மீட்டிங்கில்தான்.

தரிசனம் நன்றாகவே முடிந்தது. வெளியே வந்தால் பனி. கோபுரம் பாதிவரைதான் இருந்தது. மீதியை மேகம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் பனியிலிருந்து முளைத்து வந்து பனிக்குள்ளேயே கரைந்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லாததால் கால் தரையில் பட்டதா என்பதே சந்தேகமாக இருந்தது. மேடம் குளிருக்குப் புடவைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தார். மஞ்சள் புடவை, அரக்குக் கரை.

"செல்போனும் பையும் வாங்கிவாருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்" என்றார்.

கவுன்டரில் கொடுத்திருந்த அவருடைய கைப்பையை வாங்கினேன். செல்போன், பர்ஸ், மீட்டிங்குக்கான பென்டிரைவ் எல்லாம் அதற்குள். என் செல்போன் காரிலேயே சார்ஜில் கிடந்தது. திரும்பி வந்தேன். மஞ்சள் புடவை, அரக்குக் கரை, முக்காடு. நின்ற இடத்தில் நிற்காமல் சற்றுத் தள்ளி நடந்துகொண்டிருந்தது. நான்கடி இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தேன்.

கரை நடந்தது. கரை ஒரு கடையில் நின்று கயிறு விலை கேட்டது. (மேடம் பேரம்கூடப் பேசுவாரா என்று ஆச்சரியப்பட்டேன்.) பிறகு கரை ஒரு பெரிய பஸ்ஸில் ஏறியது. எனக்கு டிராக்டர் ஞாபகம் வந்தது. ஏறினேன்.

பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், சந்தனம் பூசியவை. கோவிந்து என்ற ஆள் வாசலில் நின்று விரலால் எண்ணிக்கொண்டு வந்தான்.

"நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு. கரெக்டா கீது. ரைட், போலாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்பது ஸ்டோர்ஸ்காரனின் மதம்.

மலை இறங்கும்போது வளைவுகளை எண்ணுவது என் வழக்கம். பதினான்கு வரை எண்ணிய ஞாபகம். அதற்குப் பிறகு வளைவுகளே என்னை எண்ணத் தொடங்கின. கனவில் அதே பஸ். எல்லா சீட்டிலும் என் பழைய மேலதிகாரிகள், முதுகைக் காட்டியபடி. யாருக்கும் முகம் இல்லை. கீழே எட்டு ஜோடி குதிகால்கள் பனியில் மிதந்தன. அரக்குக் கரை ஒரு ஆறு போல அவற்றுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

மணி அடித்தது என் மடியில் இருந்த கைப்பையில்.

ஆண் மேலதிகாரியின் செல்போன் என்றால் எடுத்து "சார் பாத்ரூமில் இருக்கிறார்" என்று சொல்லிப் பழகியவன் நான். பெண்ணின் பையைத் திறப்பதா? தொட்டுக்கொண்டிருப்பதே தப்போ என்று பயந்து, பையின் வாரை இரண்டு விரலால் பிடித்திருந்தேன். முன் சீட்டில் முக்காடு அசையவில்லை. தன் செல்போன் அடித்தும் திரும்பிப் பார்க்காத மேடத்தின் மன அடக்கத்தை எண்ணி வியந்தேன். பதினோரு தடவை அடித்தது. பதினோரு தடவையும் வியந்தேன்.

பன்னிரண்டாவது தடவை முக்காடு திரும்பியது.

"இன்னா பெரியவரே, அந்தப் பை அப்போலர்ந்து கத்திக்கினே கீது. எடுத்துப் பேசினா இன்னா?"

முக்காட்டுக்குள் புதிதாக மழித்த தலை. மூக்குத்தி. அறுபது வயது முகம்.

"மேடம்...?" என்றேன். (இதைத்தான் என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.)

"கோவிந்து, இங்க வா. இந்த ஆளு என்னெ மேடமுன்றாரு. யாரு இவரு?"

கோவிந்து வந்து என்னைப் பார்த்தான். பிறகு பஸ்ஸை ஒரு தரம் எண்ணினான். "நாப்பத்திரெண்டு கரெக்டா கீதே, கன்னியம்மாக்கா."

"கரெக்டா இருந்தா எங்க வூட்டுக்காரரு எங்கடா? வாந்தி வரும்னு டிரைவராண்ட குந்திக்கினு இருப்பாருன்னு நான் நெனச்சிக்கினு கீறேன்."

டிரைவர் பக்கத்தில் அரிசி மூட்டைதான் இருந்தது. கோவிந்து எண்ணியது தலைகளை. மொட்டைக்கும் என் வழுக்கைக்கும் அவன் வித்தியாசம் பார்க்கவில்லை. கணக்கு சரி, சரக்குதான் மாறியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாலம். சொர்ணமுகி ஆறு. பஸ் காளஹஸ்திக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பை பதின்மூன்றாவது தடவை அடித்தது. கன்னியம்மா அதை என் விரலிலிருந்து பிடுங்கித் திறந்தார்.

"அல்லோ. ஆமா, கீறாரு. நல்லாத்தான் கீறாரு. தூங்கிக்கினு வந்தாரு... யாரு? எங்க வூட்டுக்காரரா? உன்னாண்டயா கீறாரு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் மேடமும் எங்க ஆளும் ஒரே பெஞ்சில குந்திக்கினு கீறாங்களாம். கார்ல இட்டுக்கினு வர்றாங்களாம்."

காத்திருந்த நேரத்தில் கன்னியம்மா புளிச்சோறு பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "துன்னு பெரியவரே. எப்படியும் திட்டு வாங்கப் போற. காலி வயித்தில வாங்காதே."

தின்றேன். மகளின் கல்லூரியை நினைத்தபோது மட்டும் பருக்கைகளை எண்ணத் தொடங்கினேன்.

கார் வந்தபோது மணி பத்தரை. எல்லையில் கைதிகளை மாற்றிக்கொள்வது போல அந்த வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தார், நான் அந்தப் பக்கம் போனேன். போகும்போது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை, ஏதோ பொறாமைதான் இருந்தது.

மேடம் காரிலிருந்து இறங்கினார். வழக்கம்போல என் பார்வை கீழே போனது. முதல் தடவையாக அவர் பாதங்களைப் பார்த்தேன். செருப்பு மலையேறும்போதே காரில் விடப்பட்டிருந்தது. அந்தக் குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு என்னைத் தேடி அலைந்ததில் பாதங்கள் சிவந்து, ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது. அதற்கு மேல் கீழே பார்க்க முடியவில்லை. நிமிர்ந்தேன். மேடம் கண்ணாடி போடுகிறவர் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏழு மாதமாக அவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கேயாவது மயங்கி விழுந்துவிட்டீர்களோ என்று பயந்துவிட்டேன்" என்றார். "மைக்கில் சொல்லச் சொன்னேன். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், வழுக்கைத் தலை, கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் ஞாபக மறதி என்று."

"எனக்கு ஐம்பத்தேழரை, மேடம்."

"பார்த்தால் தெரியவில்லையே."

அப்போது செல்போன் அடித்தது. டைரக்டர். அவர் கத்தியது எனக்கே கேட்டது. எட்டு ஆண் மேலதிகாரிகளிடம் நான் கற்றது ஒன்றுதான்: திட்டு என்பது தண்ணீர் மாதிரி, மேலிருந்து கீழே வரும், கடைசிப் படியில் நிற்பது நான். கையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன்.

"நான்தான் மலையில் வழி தவறிவிட்டேன், சார். என் தப்பு" என்றார் மேடம். செல்போனை வைத்தார்.

எனக்குக் கண் கலங்கியது. அது கொஞ்ச நேரம்தான். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார். ரேணிகுண்டா தாண்டியது, திருப்பதி தாண்டியது, பாகாலா வரை நிற்கவில்லை. டிரைவர் எதையும் தவறவிடக் கூடாதென்று பாட்டை நிறுத்திவிட்டான். ஆண்கள் என்றால் நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு மத்தியானமே மறந்துவிடுவார்கள். இவர் நாலு பேர் முன்னால் காப்பாற்றிவிட்டு, தனியாக, வரிசைக்கிரமமாக, ஒன்றையும் மறக்காமல் திட்டினார். எது மேல் என்று இன்றுவரை என்னால் கூட்டிக் கழித்துச் சொல்ல முடியவில்லை.

சித்தூர் போய்ச் சேர்ந்தபோது கூழ் கம்பெனிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் பாதிதான் கிடைத்தது. தொலைந்த பாதி யாரால் என்பது கம்பெனியில் துப்புரவு செய்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் மேடம் கூப்பிட்டார். மேசையில் நீட்டிப்புத் தாள், கையெழுத்தோடு. "ஒரு நிபந்தனை. இனிமேல் நீங்கள் எனக்கு முன்னால் நடக்க வேண்டும். நீங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்."

இரண்டு வருடம் முன்னால் நடந்தேன். வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டது. மருத்துவர் தலையணையை மாற்றச் சொன்னார். மகள் படித்து முடித்தாள்.

டிரைவர் நல்லவன், என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நான் பாத்ரூமில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தாலும், கடைக்குப் போய்த் தாமதமாக வந்தாலும், என் மகள் எவர்சில்வர் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கிக் குரலில் தொடங்கிவிடுவாள்: "எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், கட்டம் போட்ட சட்டை..." இப்போது பேரனும் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் நான் வயதைத் திருத்துவேன். ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று. அறுபத்தொன்பது.

போன வாரம் எனக்கு எழுபது முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் பேரன் டம்ளரை எடுத்து முழு அறிவிப்பையும் சொல்லிவிட்டு, நான் திருத்துவதற்காகக் காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. சட்டைகூடக் கட்டம் போட்டதுதான்.

"கணக்கு சரி" என்றேன்.

என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "கணக்கு சரியாயிடுச்சு. சரக்கு நம்முதுதானான்னு யாராச்சும் பாத்தீங்களா?"