சோப்பு அண்ணன் கண் படாத வால்வு

ஆரணியில் சோப்பு அண்ணனைப் பார்த்து வயிறு எரியாத மெக்கானிக் ஒருவர்கூடக் கிடையாது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், அவர் மெக்கானிக்காக இருக்க மாட்டார், ஷெட்டுக்கு டீ குடிக்க வந்தவராக இருப்பார். எரிந்தவர்களில் முதல் இடம் எனக்கு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய டூரிஸ்ட் பஸ்களில் இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பலூன்கள்தான் பாரத்தைத் தாங்கும். எங்கேயாவது காற்று கசிந்தால் பஸ் ஒரு பக்கமாக அமர்ந்து, டயர் மேலே மட்கார்டில் உரசும். சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வருகிற இடத்தில் கசிவைப் பிடிப்பது எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். ஆனால் இவர் அன்று காலை தான் குளித்த சோப்பைத்தான் கரைப்பார். பெயர் அதில் வந்ததுதான்.

"குளிச்ச சோப்புதாம்பா பொய் சொல்லாது" என்பார். புது சோப்பு வாங்கிக் கொடுத்தால் வீட்டுக்கு எடுத்துப்போய், குளித்துவிட்டு மறுநாள் கொண்டுவருவார். பஸ் அதுவரை காத்திருக்கும்.

டேப்பைத் தொடவே மாட்டார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்து, "ஒரு சாண். ரெண்டு விரல் கொறையுது" என்பார். தப்பாக இருக்கவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே நான் டேப் வைத்துப் பார்ப்பேன். ஒரு முறைகூடச் சாமி எனக்குக் காது கொடுத்ததில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கசிவைக் காதால் கேட்கவேண்டும் என்று பக்கத்து வீட்டு விசைத்தறியை நிறுத்தச் சொல்வார். ஆரணியில் ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? ஆனால் சோப்பு அண்ணன் கேட்கிறார் என்றால் தெரு முழுக்கத் தறி நிற்கும். டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீ பாதி வழியில் நிற்கும். நான் எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னபோது அவர்கள் கூட்டி வைத்தார்கள்.

எனக்கென்று இருந்தது குமரேசன் என்ற முதலாளியின் நாலு பஸ்கள். அவையும் சோப்பு அண்ணனிடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் எனக்குப் பாதி முடி கொட்டியது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, அதில் ஒரு பஸ்ஸுக்குப் புது லெவலிங் வால்வு மாட்டினேன். ஆட்கள் ஏறி பஸ் அமுங்கும்போது அந்த வால்வில் கை என்று நாங்கள் சொல்கிற சின்னக் கம்பி மேலே எழும்பி, பலூனுக்குக் காற்றைத் திறந்துவிடும். யாரையும் கேட்காமல் நானே பொருத்திச் சரிபார்த்த முதல் வால்வு அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூஜை முடிந்த வாரம் முள்ளிப்பட்டு நெசவாளர் வீட்டுக் கல்யாணக் கோஷ்டி அந்த பஸ்ஸில் திருப்பதிக்குக் கிளம்பியது. மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் இடது பின்பக்கம் அமர்ந்து, டயர் உரசி, ரப்பர் கருகிய நாற்றத்தோடு பஸ் என் ஷெட்டுக்குத் திரும்பி வந்தது.

எல்லாரையும் இறக்கினால் பஸ் நேராக நிற்கும். ஏற்றினால் அமரும். பலூனை மாற்றினேன், அமர்ந்தது. டயர்தான் பெரிசு என்று பழிபோட்டு அதையும் மாற்றவைத்தேன், அமர்ந்தது. பட்டுப்புடவைகள் எல்லாம் என் ஷெட்டில் ஆயில் படாத இடமாகத் தேடி உட்கார்ந்திருந்தன. பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார்.

"ஏம்பா, தாலிய இங்கயே கட்டிக்கணுமா?"

குமரேசன் அதற்குமேல் பொறுக்கவில்லை. "நீ வுடு. சோப்பண்ணன கூட்டுகினு வரேன். இது அவராலதான் ஆவும்னா, இனிமே நாலு வண்டியும் அவரே பாத்துக்கட்டும்" என்று கிளம்பினார்.

சோப்பு அண்ணன் வந்தார். தறிகள் நின்றன. எல்லா இணைப்பிலும் தடவினார். எங்கேயும் ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் முகத்தில் குழப்பத்தைப் பார்த்தது அன்றுதான். கல்யாணமே நின்றாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய பாவி நான்.

பஸ் மேலே அமர்ந்துவிடாமல் அடியில் கட்டை கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார். நானும் டார்ச்சோடு பின்னால் ஊர்ந்தேன். அவர் கை தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"இன்னாப்பா இது, கயிறா?"

வெளிச்சம் அடித்தேன். வால்வின் கையைச் சட்டத்தோடு சேர்த்து மூன்று சுற்று இறுக்கியிருந்தது.

"கயிறுதாண்ணே."

"இன்னா கலரு?"

"கறுப்பு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பூஜையன்று எல்லாரும் பம்பரில் கட்டுகிற திருஷ்டிக் கயிறு அது. என் புது வால்வின்மேல் சோப்பு அண்ணன் கண் பட்டுவிடக்கூடாது என்று, யாருக்கும் தெரியாமல் வால்விலேயே கட்டியவன் நான். கட்டிப்போட்ட கை எப்படி எழும்பும்?

அவர் கயிற்றைப் பிளேடால் அறுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். என் நாலு பஸ்களும் போய்விட்டன என்று நான் அடியிலேயே படுத்திருந்தேன்.

"இன்னாண்ணே கோளாறு?" என்றார் குமரேசன்.

"வால்வு கையில கல்லு மாட்டிகினு இருந்திச்சு. ரோட்டுக் கல்லு. தம்பி மாட்ன வால்வு சுத்தமாத்தான் கீது. ஜல்தி எல்லாரையும் ஏத்து."

எல்லாரும் ஏறினார்கள். பஸ் அமர்ந்தது, புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது, எழும்பி நேராக நின்றது. கையை நுழைத்து அளந்துவிட்டு அனுப்பிவைத்தார். நாலு பஸ்களும் என்னிடமே இருந்தன.

டீக்கடையில் கேட்டேன். "ஏண்ணே சொல்லல?"

"வண்டி நல்லா இருக்கணும்னுதானே கட்டின. ஆமா, யாரு கண்ணுக்கு பயந்துகினு அங்க போய் கட்டின?"

"உங்க கண்ணுக்குதாண்ணே."

புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "என் கண்ணா? எனக்கு ரெண்டு கண்ணுலயும் பொரைப்பா. உன் மூஞ்சியே புகையாத்தான் தெரியுது. காதையும் கையையும் வெச்சிகினு ஓட்டிகினு கீறேன். வெளிய சொல்லிடாத, ஒரு வண்டி வராது."

அந்த ஒரு வார்த்தையை நான் வெளியே விட்டிருந்தால் ஆரணியின் பஸ்களெல்லாம் என் ஷெட்டுக்கு வந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுவாரம் அவரை வேலூருக்கு அழைத்துப்போய் கண் ஆபரேஷன் செய்யவைத்துக் கூட்டிவந்தேன். இப்போது பத்தடி தள்ளி நின்றே பலூனில் மயிரிழை வெடிப்பைக் காட்டுகிறார். காதும் கையும் போதாதென்று கண்ணும் சேர்ந்துவிட்டது அந்த மனிதருக்கு. என் வயிற்றெரிச்சல் இரட்டிப்பாகிவிட்டது. ஒரு மாதம் காலையும் மாலையும் இமையை விலக்கிப் பிடித்து, அந்தக் கண்ணில் மருந்து விட்டவன் நான்தான். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவிடவில்லை.