கொலைகாரரைப் பார்க்கப் போன சனிக்கிழமை

ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் தெளிவாகப் பார்க்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. ஆனால் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் மனைவியின் கண்ணில் ஒரு சிட்டிகை மண் தூவ என்னால் முடிந்ததில்லை. அவள் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். ஒரு நாளைக்கு இருநூறு முகம் பார்ப்பாள். யாருக்கு நிஜமாகவே வயிற்றுவலி, யார் லீவு சர்டிபிகேட்டுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவளிடம் ஒரே ஒரு பொய்யிலாவது ஜெயித்துக் காட்டுவது என்று போன மாதம் முடிவெடுத்தேன். காரணம் ஒரு கொலைகாரர்.

பயப்படாதீர்கள். நடிகர்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், நிஜமாக நடந்த குற்ற வழக்குகளை வாரம் ஒரு நாள் டிவியில் நாடகமாகப் போடுவார்கள். ஒன்பது வருஷம் ஓடியது. எல்லா வாரமும் குற்றவாளி அவர்தான். ஒரு வாரம் மனைவிக்கு விஷம் வைத்த மருந்துக்கடைக்காரர். மறு வாரம் கையெழுத்தைப் போலி செய்த காசாளர். அதற்கும் மறு வாரம் தம்பியைக் கிணற்றில் தள்ளிய அண்ணன். அந்த மனுஷனுக்கு யாரும் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். அத்தனை கதைகளையும் எழுதியது ஒரே ஒரு அம்மாள். கோர்ட்டின் கடைசி பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதியவர்.

இரண்டு பேரும் நூலக மண்டபத்துக்கு வருகிறார்கள் என்று கண்ணாடி வாங்க வந்த நூலகர் சொன்னார். சனிக்கிழமை நாலு மணிக்கு. கையோடு ஒரு அனுமதிச் சீட்டும் கொடுத்தார். சீட்டைப் பார்த்துக்கொண்டே தேய்த்ததில் அவருடைய புது லென்ஸில் கீறல் விழுந்தது.

வீட்டுக்கு வந்து நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள்.

"சனிக்கிழமை எங்க அண்ணன் வீடு மாத்துறார். புது வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. பீரோ தூக்க நாலு பேர் வேணும், மூணு பேர்தான் இருக்காங்க."

"நாலாவது?"

"எதைக் கேக்குறீங்க? மாடியையா, ஆளையா?"

"ஆளை."

"ஆளைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

என் மைத்துனர் வைத்திருப்பது பீரோ இல்லை, கதவு போட்ட யானை. சட்டைப்பைக்குள் சீட்டு சுட்டது. கொலைகாரரா, மைத்துனரா? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"சனிக்கிழமை கடையில ஸ்டாக் எடுக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரே."

"அப்படியா."

"ஃப்ரேம் மட்டும் ரெண்டாயிரம் இருக்கு. ஒவ்வொண்ணா எண்ணணும்."

"எண்ணுங்க."

"முடிய ஏழு மணி ஆயிடும்."

"சரிங்க. நான் காலையிலேயே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுறேன்."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது, மேலே காம்புகூடத் தெரியவில்லை. அன்று எனக்குத் தூக்கம் அப்படி வந்தது.

சனிக்கிழமை மூன்றரைக்கே மண்டபத்தில் இருந்தேன். மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு தண்ணீர்ச் செம்பு, ஒரு டம்ளர். அவ்வளவுதான். நடிகர் வந்தார். குட்டையானவர். தலை முழுக்க நரை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நாம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு மறந்துபோகிற மாதிரி ஒரு முகம். பின்னாலேயே எழுத்தாளர் அம்மாள், கையில் ஒரு துணிப்பை.

அந்த அம்மாள் முதலில் பேசினார். "ஒரு வழக்குல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. கோர்ட்டுல அவ எப்படிச் செத்தாங்கிறதைப் பத்தி பதினோரு நாள் பேசினாங்க. அவ எப்படி வாழ்ந்தான்னு ஒருத்தர் ஒரு நிமிஷம் பேசல. நான் அவ வீட்டுத் தெருவுக்குப் போய்க் கேட்டேன். மழை வந்தா பக்கத்து வீட்டுத் துணியையும் சேர்த்து எடுத்து வைப்பாளாம். அதைத்தான் முதல் காட்சியா எழுதினேன். அது தெரியாம அவ சாவை எழுத எனக்கு உரிமை இல்ல."

அந்தக் காட்சி எனக்கு நினைவிருக்கிறது. கொடியில் துணி, தூறல், ஓடி வரும் ஒரு பெண். இத்தனை வருஷமாக அதை நான் சும்மா ஆரம்பக் காட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

யாரோ நடிகரிடம் மருந்துக்கடைக்காரராக நடித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். விளிம்பில் வழிந்த சொட்டைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு டம்ளரை நீட்டி, "சூடு ஆறிடுச்சு, குடிச்சிடும்மா" என்றார். அவ்வளவு அன்பாக. மண்டபத்தில் முந்நூறு பேர். அந்த டம்ளரை யாரும் வாங்கிவிடக் கூடாதே என்று நான் நிஜமாகவே எழுந்துவிட்டேன், பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கொலைகாரன் முகத்துல கொலை இருக்காது" என்றார் நடிகர், தன் சொந்தக் குரலுக்குத் திரும்பி. "அந்த அம்மா எனக்கு எழுதிக் கொடுத்தது வசனம் இல்ல, அவன் சொட்டைத் துடைச்சதுதான். மிச்சத்தை அந்தத் துடைப்பே நடிச்சுடுச்சு."

அப்புறம் அவர் சபையை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்க ஒருத்தர் வீட்டுல பொய் சொல்லிட்டு வந்திருக்கார்" என்றார்.

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பார்வை வரிசை வரிசையாக வந்து என்மேல் நின்றது. நகரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என்னை யாரும் எழுப்பவில்லை. கால்கள் தாமாகவே எழுந்தன.

"என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"ஸ்டாக் எடுக்கணும்னு சொன்னேன் ஐயா. மைத்துனர் பீரோ தூக்கணும்."

மண்டபம் அதிர்ந்தது. எழுத்தாளர் அம்மாள் மட்டும் முன்னால் குனிந்து விசாரித்தார். "மனைவி நம்பினாங்களா?"

"முழுசா நம்பிட்டாங்கம்மா."

"ஏதாவது கேள்வி கேட்டாங்களா?"

"ஒண்ணுகூடக் கேக்கல."

"அப்ப நம்பல" என்றார் அந்த அம்மாள்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். முந்நூறு பேரில் ஒரு பொய்யனைப் பார்வையாலேயே பிடித்துவிட்டாரே, என்ன கலை, என்ன கண் என்று வழியெல்லாம் மலைத்துக்கொண்டே வந்தேன். அப்படிப்பட்டவர்கள் முன்னால் நின்றுவிட்டு வந்தபிறகு வீட்டில் பொய் நிற்குமா? கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நூலகர் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. உங்க வீட்டுக்காரர் சீட்டைப் பாத்துட்டு என் லென்ஸைக் கெடுத்துட்டார்னு சொல்லி, எனக்கும் ஒரு சீட்டு கொடுத்தாரு. காலையில பத்து மணிக்கு ஒரு கூட்டம் இருந்துச்சுங்க. நானும் அண்ணனும் போனோம்."

"அண்ணனா? அவர் வீடு மாத்தலையா?"

"அவருக்குச் சொந்த வீடாச்சே. எதுக்கு மாத்துறார்?"

மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் கட்டியவனே நான். என் பொய்யைத் தைக்கிற அவசரத்தில் அவளுடைய பொய்யின் கிழிசலை நான் பார்க்கவே இல்லை.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"டிவியில பாக்குறப்பவே அடுத்த காட்சி, அதுக்கடுத்த காட்சின்னு காதுல சொல்லிக்கிட்டே இருப்பீங்க. ஒரு தடவையாவது நிம்மதியாப் பாக்கணும்னு தோணுச்சு." மடித்த துணியைத் தட்டி வைத்தாள். "கூட்டம் முடிஞ்சு அவங்ககூடப் பேசினேன். சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வருவார், கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைப்பார், ஸ்டாக் எடுக்கிறதாச் சொல்லிட்டு வந்திருப்பார்னு சொல்லிட்டு வந்தேன். அந்தம்மா அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தேன். போனது போகட்டும், அந்த டம்ளர் இருக்கிறதே, அந்த ஒரு சொட்டு, அதையாவது நான் பார்த்தேனே. அதை யார் என்னிடமிருந்து பிடுங்க முடியும்? அவளுக்கும் கொஞ்சம் கொடுப்போம் என்று ஆரம்பித்தேன்.

"எது எப்படியோ, அந்த மருந்துக்கடைக்காரரா ஒரு தடவை தண்ணி ஊத்திக் காட்டினார் பாரு..."

"பாவம், சாயங்காலம் களைச்சுப் போயிருப்பார்" என்றாள் என் மனைவி. "காலையில அண்ணன் தம்பி ரெண்டு பேராவும் நடிச்சு, கிணறு வரைக்கும் போயிட்டு வந்தார்."