தலைக்குள் நாலு குளம்

பிணம் கெடாமல் வைக்கும் பார்மலின் நெடி ஏறினால் மற்றவர்களுக்குக் கண் எரியும். எனக்கு வயல் தெரியும். வரப்பும் மடையும், தண்ணீர் எட்டாமல் வெடித்துக் கிடக்கும் கடைசி வயலும் தெரியும்.

நாஞ்சில் நாட்டில் தண்ணீர் போகும் வழி அத்தனையும் அறிந்த ஒரே மனிதர், எங்கள் ஆஸ்பத்திரிப் பிணவறைக்காரர் நாலுகுளத்தார்தான். மண்ணில் ஓடுவதும் தெரியும், மண்டையில் ஓடுவதும் தெரியும். வாய்க்கால் காவல் பார்த்த குடும்பம். மடைத் தகராறு ஒன்றில் தலைகள் உடைய, ஊரை விட்டு வந்து, மண்வெட்டி பிடித்த கையால் மண்டை அறுக்கும் ரம்பத்தைப் பிடித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கம்பவுண்டர்.

மூளை அவருக்கு ஒரு கிராமம். உள்ளே நாலு குளம்: மேலே பெரிதாக இரண்டு, நடுவே இடுங்கியது ஒன்று, கீழே ஒன்று. தெளிந்த நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கும். அடியில், கழுத்து வழியே ஏறிவரும் ரத்தக் குழாய்கள் கைகோத்து ஒரு வளையம்.

"பாத்தீரா வே, ஒரு வாய்க்கால் அடைச்சாலும் மத்த வாய்க்கால் சுத்தி வந்து பாய்ச்சிரும். நம்ம ஊர்ல இப்பிடி ஒண்ணு வெட்டியிருந்தா எவன் மண்டையும் உடைஞ்சிருக்காது."

மருத்துவ மாணவர்களுக்கு அவரே பாடப்புத்தகம். பரீட்சை வைக்க வந்த வெள்ளைக்கார துரை, நடுக்குளத்துக்கும் கீழ்க்குளத்துக்கும் இடையில் அடைத்தால் என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாணவன் பதறிப்போய்த் தமிழில், "மேல்குளம் ரெண்டும் பெருகிக் கரையை நெரிக்கும்" என்றான். மொழிபெயர்த்துச் சொன்னார்கள். துரை முழு மார்க் போட்டார்.

ஒருமுறை, மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி அந்தக் குளங்களுக்குள் ஊற்றி, ஆறியதும் சதையை நீக்கி அச்சு எடுத்தார். கடாக்கொம்புபோல் வளைந்த அதை ஜன்னலில் வைத்து அழகு பார்த்தார். சித்திரை வெயில் சும்மா இருக்குமா? மறுநாள் மருந்தறை வாசலில், பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல் நின்றார்.

"நாலு குளமும் ஒண்ணாப் போச்சு வே."

இரண்டு நாள் வெற்றிலை போடவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அவர் மனைவி அடுப்படியில் சாய்ந்தாள். வலது கையும் பேச்சும் போயின. பேச்சென்றால் சாமானியப் பேச்சா? அவரை அவள் ஏசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மூளையின் இடப்பக்கத்து ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். நாலுகுளத்தார் கலங்கவில்லை.

"வளையம் இருக்குல்லா. வலத்தால சுத்தி வரும். கடைமடைக்குத் தண்ணி வர நாளாகும், அவ்வளவுதான்."

பிறகு தினமும் எனக்குச் செய்தி வந்தது. "இண்ணைக்கு அவ ஒரு வார்த்தை பேசிட்டா வே." இரண்டு நாள் கழித்து, "குழம்புல புளி கூடிப்போச்சுன்னு சொன்னா." அடுத்த வாரம், "பிணத்தைத் தொட்ட கையால சட்டியைத் தொடாதேயும்னு ஒரு பாட்டம் ஏசித் தீத்துட்டா." ஆஸ்பத்திரியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் எனக்கு மாற்றல் வந்தது. விடைபெற ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவள் சுவரோடு சாய்ந்திருந்தாள். வலது கை, யாரோ மறந்து வைத்துப்போன பொருள்போல் மடியில் கிடந்தது.

"ஏ பிள்ளே, கம்பவுண்டரு வந்திருக்காரு. சாப்பிடச் சொல்லு."

உதடு அசைந்தது. ஒலி வரவில்லை. அவரே பேசினார், மூன்று தெருவுக்குக் கேட்ட அவளுடைய கூர்த்த குரலில்: "வந்த மனுசனை நிக்க வச்சிக்கிட்டுப் பேசுதீரே, வெக்கமா இல்லியா உமக்கு?"

அவள் கண் சிரித்தது, பிறகு நிறைந்தது. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். புளி கூடித்தான் இருந்தது. அதைச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

தெருமுக்குவரை கூடவே வந்தார். பக்கத்து வாய்க்கால் வறண்டு கிடந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீரு டாக்டர் புஸ்தகமெல்லாம் வாசிக்குத ஆளு. வளையத்தைத் தாண்டி மேல போற வாய்க்கால் அடைச்சா, அதுக்கும் சுத்துவழி உண்டுமா வே?"

புத்தகத்தில் இருந்தது எனக்குத் தெரியும். வளையத்தைத் தாண்டினால் ஒவ்வொரு கிளையும் அநேகமாகத் தனி. அடைத்தால் அந்த வயல் காய்ந்ததுதான்.

"உண்டு," என்றேன். "நாளாகும்னு போட்டிருக்கு."

எத்தனையோ தலைகளைத் திறந்து, அப்படியொரு வழியை ஒன்றிலும் காணாத மனிதர். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டார்.

"உமக்குப் பொய் சொல்லத் தெரியல்ல வே. என்னைக்காவது அவ வாயைத் தொறந்து கேட்டா, அவகிட்டயும் இதையே சொல்லும். பாத்துப் போவும்."